கடல் கடக்குமுன் ஒரு பள்ளிக்கூடம்

நம் வீட்டுப் பெண் ஒருத்தி வெளியூர்க் கல்லூரிக்குப் புறப்படுகிறாள் என்று வைத்துக் கொள்ளுங்கள். ஒரு வாரம் முன்பிருந்தே வீடு இரண்டுபடும். பருப்புப் பொடி, எலுமிச்சங்காய் ஊறுகாய், கைமுறுக்கு, தேங்காய் எண்ணெய், ஜுர மாத்திரை, கம்பளிப் போர்வை என்று ஒவ்வொன்றாக உள்ளே போகும். கடைசியில் பெட்டி மூட மறுக்கும். தம்பி அதன்மேல் ஏறி உட்கார்ந்த பிறகுதான் பூட்டு விழும். அப்படியும் ரயில் நகரும்போது அம்மாவுக்கு ஏதோ ஒன்று மறந்துபோன மாதிரி இருக்கும்.

இப்போது வேறொன்றைக் கற்பனை செய்து பாருங்கள். அந்தப் பெண் படிக்கப் போகவில்லை. உத்தியோகம் பார்க்கவும் போகவில்லை. பெயரைக்கூட ஒழுங்காக உச்சரிக்க வராத ஒரு தேசத்தில், ஏதோ ஒரு கிராமத்தில், இரண்டு வருஷ காலம் அங்கே உள்ள ஜனங்களோடு ஜனமாக இருக்கப் போகிறாள். பள்ளிக்கூடத்தில் பாடம் சொல்லித் தருவாள். அல்லது கிணறு வெட்டவும், கோழிப் பண்ணை வைக்கவும், குழந்தைகளுக்கு அம்மை குத்தவும் ஒத்தாசை செய்வாள். அவளுடைய பெட்டியில் நீங்கள் எதை வைத்து அனுப்புவீர்கள்?

இந்தக் கேள்விக்கு விடை தேடி அமெரிக்கர்கள் அறுபது வருஷத்துக்கு மேலாக அலைந்திருக்கிறார்கள். பெரிய பெரிய சர்வகலாசாலைகளில் தேடினார்கள், காட்டில் தேடினார்கள், மலை இடுக்கில் தேடினார்கள். விடை எங்கே கிடைத்தது தெரியுமா? அதைப் பார்க்கத்தான் இந்த வாரம் உங்களை ஒரு பிரயாணத்துக்கு அழைக்கிறேன். பாஸ்போர்ட் வேண்டாம், விசா வேண்டாம், ஊசி போட்டுக் கொள்ளவும் வேண்டாம். கையில் காப்பியை எடுத்துக்கொண்டு கிளம்புங்கள்.

இரவு இரண்டு மணிப் பிரசங்கம்

முதலில் மிச்சிகன் மாகாணத்தில் ஆன் ஆர்பர் என்னும் ஊர். இது ஒரு கல்லூரி நகரம். 1960-ஆம் ஆண்டு அக்டோபர் 14-ந் தேதி, நேரம் அதிகாலை இரண்டு மணி. ஜனாதிபதி தேர்தலுக்கு நின்ற ஜான் கென்னடி, தூங்குவதற்காக அந்த ஊருக்கு வந்து சேர்ந்தார். வந்த இடத்தில் ஆயிரக்கணக்கான மாணவர்கள் தூங்காமல் காத்திருந்தார்கள். படிக்கட்டில் நின்றபடியே சில நிமிஷம் பேசினார். டாக்டருக்குப் படிக்கிற உங்களில் எத்தனை பேர் கானாவுக்குப் போய் உழைக்கத் தயார் என்று கேட்டார்.

தூக்கக் கலக்கத்தில் கேட்ட கேள்விதான். ஆனால் அது மாணவர்களைத் தூங்க விடவில்லை. ஆலன், ஜூடித் கஸ்கின் என்ற இளம் தம்பதியர் அங்கே மேல்படிப்புப் படித்துக் கொண்டிருந்தார்கள். அவர்கள் மற்ற மாணவர்களையும் சேர்த்துக்கொண்டு, ‘நாங்கள் போகத் தயார்’ என்று ஊரெல்லாம் கையெழுத்து வாங்கினார்கள். மறு வருஷம் மார்ச் முதல் தேதி கென்னடி ‘பீஸ் கோர்’ என்னும் சமாதானப் படையை ஏற்படுத்தினார். கையெழுத்து வாங்கியதோடு தம்பதியர் நின்றுவிடவில்லை. தாங்களே பெயர் கொடுத்துத் தாய்லாந்துக்குப் போனார்கள்.

ஆனால் மாணவர்களைக் கடல் கடந்து அனுப்புகிற யோசனை கென்னடிக்கு முன்பே இருந்தது. நியூயார்க்கில் ஹார்லம் என்ற கறுப்பர் பேட்டையில் ஜேம்ஸ் ராபின்ஸன் என்ற பாதிரியார் இருந்தார். அவர் 1958-இல் கல்லூரி மாணவர்களைச் சிறு சிறு குழுக்களாகப் பிரித்து ஆப்பிரிக்காவுக்கு அழைத்துப் போனார். கோடை விடுமுறையில் அங்குள்ள மாணவர்களோடு சேர்ந்து மண் சுமந்து கட்டடம் எழுப்பச் செய்தார். ஒவ்வொரு குழுவிலும் வெள்ளையரும் கறுப்பரும் கலந்தே இருப்பார்கள். அமெரிக்காவின் தென் மாகாணங்களில் இரண்டு நிறத்தாரும் ஒரே ஓட்டலில் உட்கார்ந்து சாப்பிட முடியாத காலம் அது! ஆகவே ஆப்பிரிக்காவைப் பற்றிப் படிப்பதற்கு முன்னால், பக்கத்தில் உட்கார்ந்திருப்பவனோடு ஒரே பாத்திரத்தில் சாப்பிடப் பழக வேண்டியிருந்தது. ‘நீங்கள்தான் சமாதானப் படைக்கு முன்னோடிகள்’ என்று 1962-இல் கென்னடியே இந்த மாணவர்களிடம் சொல்லியிருக்கிறார்.

ஒரு பாட்டும் ஒரு தபால் கார்டும்

முதன்முதலாகப் புறப்பட்ட குழுக்களைத் தயார் செய்யும் பொறுப்பைச் சர்வகலாசாலைகளிடம் ஒப்படைத்தார்கள். பாடம் என்றால் கல்லூரிக்காரர்களுக்குத்தானே தெரியும் என்று நினைத்தார்கள். கானாவுக்குப் போக வேண்டிய ஆசிரியர் குழு, கலிபோர்னியாவில் பெர்க்லி நகரத்தில் கூடியது. காலை முதல் இரவு வரை வகுப்புகள்: ஆப்பிரிக்கச் சரித்திரம், பூகோளம், அரசியல், உடல் நலம், இவற்றோடு த்வி என்ற கானா நாட்டு மொழி. கானாவிலேயே பேராசிரியராக இருந்துவிட்டு வந்த செயின்ட் கிளேர் டிரேக் என்ற கறுப்பின அறிஞர், கேட்பவர்கள் கண்முன் அந்த நாடு தெரியும்படி பாடம் நடத்தினார்.

1961 ஆகஸ்டு 30-ந் தேதி, ஐம்பது பேருக்குச் சற்று அதிகமான அந்தக் குழு அக்ரா விமான நிலையத்தில் இறங்கியது. வரவேற்க மந்திரி வந்திருந்தார். வந்தவர்கள் பிரசங்கம் எதுவும் செய்யவில்லை. விமானத்துக்குப் பக்கத்திலேயே வரிசையாக நின்று த்வி மொழியில் ஒரு பாட்டுப் பாடினார்கள்! உச்சரிப்பு எப்படி இருந்ததோ, சுருதி சேர்ந்ததோ இல்லையோ, கேட்டவர்களின் முகம் மலர்ந்துவிட்டது. கானா சுதந்திரம் அடைந்து நாலரை வருஷம்தான் ஆகியிருந்தது. அதுவரை வெளியிலிருந்து வந்தவர்களில் பலர் தங்கள் மொழியை அவர்கள்மேல் சுமத்தியவர்கள். அவர்களுடைய மொழியைக் கற்றுக்கொண்டு வந்து, அதிலேயே வணக்கம் சொன்னது அன்று ஒரு புதுமை.

‘பேஷ்! கல்லூரிப் பயிற்சி பலித்துவிட்டதே!’ என்று நினைக்கிறீர்களா? சற்றுப் பொறுங்கள். அக்ராவுக்குக் கிழக்கே, நைஜீரியாவில் இபாதான் என்ற பெரிய நகரத்துக்கு வாருங்கள்.

அதே வருஷம் அக்டோபர் மாதம். இங்கேயும் ஒரு குழு வந்திருந்தது. புகழ்பெற்ற ஹார்வர்டு சர்வகலாசாலையில் பயிற்சி பெற்றவர்கள். அவர்களில் 23 வயதுப் பெண் ஒருத்தி, ஊரில் இருக்கும் சிநேகிதருக்கு ஒரு தபால் கார்டு எழுதினாள். நம் பெண்கள் எழுத மாட்டார்களா? ‘இங்கே எல்லாம் ஒரே அழுக்கு, ஜனங்கள் தெருவிலேயே சமைக்கிறார்கள், தெருவிலேயே விற்கிறார்கள், தெருவிலேயே எல்லாம்’ என்கிற தோரணையில் எழுதிவிட்டாள். அந்தக் கார்டு தபாலில் சேருமுன் வழியிலே விழுந்துவிட்டது. யாரோ ஒரு மாணவர் கண்ணில் பட்டது. அவ்வளவுதான்! அதற்குப் பிரதிகள் எடுத்துக் கல்லூரி முழுவதும் பரப்பினார்கள். கூட்டம் போட்டுக் கண்டித்தார்கள். செய்தி உலகப் பத்திரிகைகளில் எல்லாம் வந்துவிட்டது. அந்தப் பெண் மன்னிப்புக் கேட்டுக் கடிதம் எழுதிவிட்டு ஊர் திரும்ப நேர்ந்தது.

அவள் கெட்ட எண்ணத்தோடு எழுதவில்லை. கண்ணால் கண்டதைத்தான் எழுதினாள். நைஜீரியாவின் சரித்திரம், அரசியல் எல்லாம் அவளுக்குப் பாடமாகச் சொல்லப்பட்டிருந்தன. ஆனால் விருந்துக்குப் போன வீட்டில் சுவரில் ஒட்டடை இருந்தால் அதைப் பற்றி வாசல் திண்ணையில் உட்கார்ந்து பேசக் கூடாது என்று நம் வீட்டுப் பாட்டிமார் சொல்வார்களே, அந்தப் பாடம் எந்தப் புத்தகத்தில் இருக்கிறது? சர்வகலாசாலைப் பெட்டியில் ஏதோ ஒன்று மறந்துபோயிருந்தது.

அணைக்கட்டில் தொங்கிய ஆசிரியைகள்

அந்த ‘ஏதோ ஒன்று’ தைரியமாக இருக்குமோ என்று சிலர் நினைத்தார்கள். அதற்காக நாம் கரீபியன் கடலில் உள்ள போர்ட்டோ ரிக்கோ தீவுக்குப் போக வேண்டும். வடகரையில் அரெசீபோ என்ற ஊர். அங்கிருந்து தெற்கே திரும்பினால் சுண்ணாம்புக் குன்றுகள் கவிழ்த்து வைத்த குடங்களைப்போல் வரிசை வரிசையாக நிற்கும். நடுவே அடர்ந்த மழைக் காடு. 1963-இல் பெரிய ரேடியோத் தொலைநோக்கியைக் கட்டியதும் இந்தக் குன்றுகளின் பள்ளம் ஒன்றில்தான். அது 2020-இல் இடிந்து விழுந்த செய்தியை நீங்கள் படித்திருக்கலாம்.

இந்தக் காட்டுக்குள் சமாதானப் படைக்கு இரண்டு முகாம்கள் இருந்தன. குரோஸியர் முகாம், ராட்லி முகாம் என்று பெயர். டேவிட் குரோஸியர், லாரன்ஸ் ராட்லி என்ற இரண்டு வாலிபர்கள் 1962 ஏப்ரலில் கொலம்பியாவில் விமான விபத்தில் இறந்து போனார்கள். சேவைக்குப் போன இடத்தில் உயிர் நீத்தவர்களில் அவர்களே முதல்வர்கள். முகாமுக்குள் நுழையும் ஒவ்வொருவரும் அந்தப் பெயர்களைப் படித்துவிட்டுத்தான் நுழைய வேண்டும். பிள்ளைகளை அனுப்பிய தாய்மார்கள் எப்படி இருந்திருப்பார்கள் என்று நினைத்துப் பாருங்கள்!

முகாமில் பொழுது விடியுமுன்னே ஓட்டம். பிறகு கயிற்றைக் கட்டிக்கொண்டு பாறை ஏறுவது. அணைக்கட்டின் உச்சியிலிருந்து அதே கயிற்றில் தொங்கிக்கொண்டு கீழே இறங்குவது. நீச்சல் குளத்தில் கையையும் காலையும் கட்டிப் போட்டு, மூழ்காமல் மிதக்கச் சொல்வது! பதற வேண்டாம், பக்கத்திலேயே ஆள் இருப்பார். பயப்படாமல், மூச்சை அடக்கி, உடம்பைத் தளர விட்டால் தண்ணீரே மேலே தூக்கிவிடும் என்ற வித்தை அது. குமாஸ்தா வேலை பார்த்த யுவதிகளும், புத்தகம் தவிர வேறு எதையும் தூக்கிப் பழகாத பிள்ளைகளும் இதையெல்லாம் செய்தார்கள்.

‘குழந்தைகளுக்கு எழுத்துச் சொல்லித் தரப் போகிறவளுக்குப் பாறை ஏறத் தெரிய வேண்டுமா?’ என்று நீங்கள் கேட்கலாம். அவர்களும் கேட்டார்கள். பாறை முக்கியமில்லை, பயத்தை ஜயிப்பதுதான் முக்கியம் என்பது முகாமில் கிடைத்த பதில். அதில் நியாயம் இல்லாமல் இல்லை. முடியவே முடியாது என்று நினைத்த ஒன்றைச் செய்து முடித்தவளுக்கு, இருட்டில் தனி வீட்டில் படுத்துத் தூங்குவது பெரிய காரியமாகத் தோன்றாது.

ஆனால் பாறையைவிடப் பெரிய பயம் ஒன்று அந்த நாட்களின் பயிற்சியில் இருந்தது. பயிற்சி முழுவதும் மனோதத்துவ நிபுணர்கள் பக்கத்தில் இருந்து ஒவ்வொருவரையும் கவனித்துக் குறித்துக் கொள்வார்கள். உங்களோடு பயிற்சி பெறுகிறவர்களில் யாருடன் சேர்ந்து வேலை செய்ய விரும்புகிறீர்கள், யாருடன் விரும்பவில்லை என்று மாணவர்களையே எழுதித் தரச் சொல்வார்கள். பிறகு தேர்வுக் குழு கூடும். நேற்று வரை பக்கத்துக் கட்டிலில் படுத்துச் சிரித்துப் பேசிக்கொண்டிருந்த சிநேகிதி, இன்று பெட்டியைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்குப் புறப்பட்டிருப்பாள். எந்தக் காரணத்துக்காக என்று பல சமயங்களில் அவளுக்கே விளங்காது. சேவை செய்ய வந்தவர்களைப் பரீட்சை எலிகளாக்குவதா என்று பலர் மனம் கசந்தார்கள். பிற்காலத்தில் இந்த முறை கைவிடப்பட்டது.

அந்தத் தீவுப் பயிற்சியில் ஒரு சிறு பகுதி உண்டு. மாணவர்களைச் சில நாள் மலை வழியே நடந்து போய்வரச் சொல்லி அனுப்புவார்கள். வழியில் உள்ள குக்கிராமங்களில், முன்பின் தெரியாத குடியானவர்களின் தயவில்தான் இரவைக் கழிக்க வேண்டும். பாறை ஏறியதைப் பெருமையாகப் பேசிய பிள்ளைகளும் இங்கே வாயடைத்துப் போனார்கள். ஏழைக் குடும்பத்தில் இருப்பது கொஞ்சம் சோறும் அவரையும்தான். அதைப் பங்கு வைத்து முன்னால் நீட்டும்போது, வாங்கிக்கொள்ளத் தெரிய வேண்டுமே! கொடுக்கப் புறப்பட்டவர்களுக்கு வாங்கத் தெரியவில்லை. இதை ஞாபகம் வைத்துக் கொள்ளுங்கள்.

சேப்பங்கிழங்குப் பள்ளத்தாக்கு

அடுத்தபடி பசிபிக் மகா சமுத்திரத்தின் நடுவே ஹவாய்த் தீவு. எப்போதும் மழை தூறிக்கொண்டிருக்கும் ஹீலோ நகரத்திலிருந்து கடற்கரையோடு வடக்கே போகிறோம். வலப்புறம் நீலக் கடல். இடப்புறம் அந்த நாளில் கண்ணுக்கு எட்டிய வரை கரும்பு. சாலை முடிகிற இடத்தில் இறங்கி நின்றால், காலடியில் பூமி திடீரென்று பிளந்தாற்போல் ஒரு பள்ளத்தாக்கு. இதுதான் வைப்பியோ. ‘வளைந்த நீர்’ என்று பெயருக்கு அர்த்தம். வாய்ப்புறத்தில் ஒரு மைல் அகலம். இரண்டு பக்கமும் சுமார் 2,000 அடி உயரத்துக்குப் பச்சைச் சுவர். கடலோரத்தில் எள்ளைக் கொட்டிப் பரப்பினாற்போல் கறுப்பு மணல். உள்ளே தள்ளி ஆயிரம் அடிக்கு மேல் உயரத்திலிருந்து வெள்ளி ஜரிகைபோல் இறங்கும் ஹீஇலாவே அருவி.

கீழே இறங்கும் சாலை ஒரு மைலுக்கும் குறைவுதான். ஆனால் நாலு அடி போனால் ஒரு அடி இறங்கும் செங்குத்து! 2022-இல் இந்தச் சாலை அபாயகரமானது என்று வெளியூர்ப் பிரயாணிகளைத் தடுத்துவிட்டார்கள். நமக்கு அந்தத் தடை கிடையாது, மனோரதத்தில் இறங்கலாம்.

கீழே போனதும் உங்களுக்கு ஆச்சரியமாக இருக்கும். எல்லாம் நம் ஊர் வயல் மாதிரியே இருக்கிறதே! வரப்பு, மடை, முழங்கால் அளவு சேறு, தேங்கி நிற்கும் தண்ணீர். ஆனால் நடுவே நிற்பது நெல் அல்ல; யானைக் காதுபோல் இலை விரித்த சேப்பஞ்செடி. நாம் புளி விட்டுக் குழம்பு வைத்து, எண்ணெயில் வறுத்துச் சாப்பிடுகிற அதே சேப்பங்கிழங்குதான் இந்தத் தீவு ஜனங்களுக்குத் தாய்ப் பால் மாதிரி. வேக வைத்து இடித்துக் களியாக்கி, ‘போய்’ என்று பெயர் வைத்து விரலால் எடுத்துச் சாப்பிடுவார்கள். ஒரு காலத்தில் அரசர்கள் வாழ்ந்த பள்ளத்தாக்கு இது. 1946 ஏப்ரல் முதல் தேதி வந்த ஆழிப் பேரலைக்குப் பிறகு குடும்பங்கள் மேட்டுக்குக் குடிபோய்விட்டன. சில விவசாயிகள் மட்டுமே மிச்சம்.

1960-களில் இந்த அமைதியான இடத்தில் சமாதானப் படையார் ஒரு விசித்திரமான கிராமத்தைக் கட்டினார்கள். தென்கிழக்காசியாவுக்குப் போகிற மாணவர்கள் பழகிக் கொள்வதற்காகப் பிலிப்பைன்ஸ் தேசத்துக் குடிசை, தாய்லாந்துக்காரர் வீடு, போர்னியோத் தீவின் நீள வீடு எல்லாம் எழும்பின. இவற்றில் நீள வீடு என்பது வேடிக்கையானது. கால்கள் நட்டு உயர்த்திய ஒரே நீளக் கட்டடத்தில் பத்து, இருபது குடும்பங்கள் வாழும். ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஒரு அறை. முன்பக்கத்தில் எல்லாருக்கும் பொதுவாக ஒரே நீளத் தாழ்வாரம். நம் பக்கத்து ஒண்டுக் குடித்தனத்தை நினைத்துக் கொள்ளுங்கள். ஆனால் தண்ணீர்ச் சண்டை இல்லாமல்!

இங்கே மாணவர்கள் மின்சாரம் இல்லாமல் இருந்து பார்த்தார்கள். விறகு அடுப்பு ஊதினார்கள். சேற்றில் நடந்தார்கள். கக்கூசுக்குக் குழி வெட்டினார்கள். இந்த மாதிரிப் பயிற்சி முகாம்களில் எல்லாம் ஒரு கதை வழங்கும்: ஒரு நாள் உயிருள்ள கோழியைக் கையில் கொடுத்து, ‘இதுதான் இன்றைக்குச் சாப்பாடு’ என்று சொல்லிவிடுவார்கள். அதுவரை கடையில் காகிதத்தில் சுற்றிய கோழியைத் தவிர வேறு கோழியைத் தொட்டறியாத பிள்ளைகள், அதைத் துரத்திக்கொண்டு முகாமைச் சுற்றி ஓடுவார்கள். கோழிக்குத்தான் பயிற்சி அதிகம்!

பெர்க்லி வகுப்பறையோடு ஒப்பிட்டால் இது எவ்வளவோ மேல். உடம்புக்குக் கிராமம் பழகியது. ஆனாலும் இந்தக் கிராமத்தில் ஒரு குறை இருந்தது.

போர்னியோவில், அந்தப் பக்கத்து ஜனங்களிடம் ஒரு வழக்கம் உண்டு. உங்களுக்கு முன்னால் தின்பண்டம் வைத்தால், பசி இல்லை என்று பேசாமல் எழுந்து போய்விடக் கூடாது. வேண்டாம் என்றால்கூட விரல் நுனியால் அதைத் தொட்டாவது விட வேண்டும். தொடாமல் போனால் போகிற வழியில் தீங்கு நேரும் என்பது அவர்களுடைய நம்பிக்கை. இதைப் புத்தகத்தில் படிக்கலாம். பரீட்சையில் எழுதி மதிப்பெண்ணும் வாங்கலாம். ஆனால் உண்மையான ஒரு பாட்டி, தட்டை நீட்டிவிட்டு, நீங்கள் தொடுகிறீர்களா இல்லையா என்று கவலையோடு உங்கள் கையையே பார்த்துக்கொண்டு நிற்கும்போதுதான் அது மனசில் பதியும். வைப்பியோவில் நீள வீட்டைக் கட்டிவிட்டார்கள். அந்தப் பாட்டியை எங்கே போய்க் கொண்டுவருவது?

‘போதும், போய் வாருங்கள்’

பாட்டி என்றதும் வேறொரு பாட்டி ஞாபகத்துக்கு வருகிறார். 1966-இல், சிக்காகோவில் நடந்த பயிற்சியில், கல்லூரிப் பிள்ளைகளுக்கு நடுவே 68 வயது அம்மாள் ஒருவர் உட்கார்ந்து நோட்டுப் புத்தகத்தில் பாடம் எழுதிக்கொண்டிருந்தார். கணவரை இழந்தவர், நர்ஸ் வேலை தெரிந்தவர், பெயர் லில்லியன் கார்ட்டர். பிறகு அவர் நம் நாட்டுக்கு வந்து, பம்பாய்க்குப் பக்கத்தில் விக்ரோலியில், தொழிலாளர் குடியிருப்பில் நோயாளிகளுக்குப் பணிவிடை செய்தார். மருந்துக்கு வந்து காத்திருக்கும் கூட்டத்தையும், தன் கையாலாகாத்தனத்தையும் வீட்டுக்குக் கடிதங்களாக எழுதினார். அவருடைய மகன் ஜிம்மி கார்ட்டர் 1977-இல் அமெரிக்க ஜனாதிபதி ஆனார். ஊருக்கு உழைக்க வாலிப வயது கட்டாயம் இல்லை என்பதற்கு அந்த அம்மாள் சாட்சி.

நர்ஸாகப் போகிறவளுக்கு வேலை இன்னது என்று தெரியும். ஆசிரியைக்கும் தெரியும். ‘சமுதாய அபிவிருத்தி’ என்று பெயர் சொல்லி அனுப்பப்பட்டவர்கள் பாடுதான் திண்டாட்டம். நம் நாட்டிலும் 1952 அக்டோபர் 2-ந் தேதி இந்தப் பெயரில் ஒரு திட்டம் ஆரம்பமாகிக் கிராம சேவகர்கள் ஊர் ஊராகப் போனார்கள் அல்லவா? கிணறு வெட்டுவதும் சாலை போடுவதும் மட்டும் அபிவிருத்தி ஆகாது. எது வேண்டும் என்று ஊர் ஜனங்களே கூடிப் பேசி, தாங்களே செய்து கொள்ளும் சக்தியைப் பெற வேண்டும். அப்போதுதான் அது அபிவிருத்தி. வெளியிலிருந்து வந்தவன் முந்திக்கொண்டு காரியத்தைச் செய்துவிட்டால், கிணறு இருக்கும். அந்தச் சக்தி இருக்காது.

தென் அமெரிக்காவில் பெரு நாட்டு மலைகளுக்கு நடுவே விக்கோஸ் என்று ஒரு கிராமம். தலைமுறை தலைமுறையாகப் பண்ணையாருக்கு அடிமைப்பட்டு உழைத்த ஜனங்கள், அப்போதுதான் நிலத்தைச் சொந்தமாக்கிக்கொண்டு தலை நிமிர்ந்திருந்தார்கள். அங்கே சமாதானப் படையைச் சேர்ந்த சிலர் போய்ச் சேர்ந்தார்கள். 1964-இல் அந்த ஊரார் கூட்டம் போட்டு, அவர்களைப் புறப்பட்டுப் போகும்படி சொல்லிவிட்டார்கள். கேட்கும்போது வருத்தமாகத்தான் இருக்கிறது. ஆனால் யோசித்துப் பாருங்கள்: வேண்டாம் என்று சொல்லும் தைரியம் அந்த ஜனங்களுக்கு வந்ததே ஒரு அபிவிருத்தி அல்லவா? வந்தவர்களைத் தேர்வு செய்ய அமெரிக்காவில் எத்தனையோ நிபுணர்கள் இருந்தார்கள். கடைசித் தேர்வு கிராமத்தின் கையில்தான் இருந்தது.

உலக்கைக்கும் கைக்கும் நடுவே

இப்படி அடிபட்டு அடிபட்டுத்தான் ஞானோதயம் ஏற்பட்டது. கிராமத்தை நகல் எடுப்பானேன்? பிள்ளைகளை அந்தந்த தேசத்துக்கே அனுப்பி, அங்கே ஒரு குடும்பத்தில் விட்டால் என்ன? 1960-களின் கடைசியிலிருந்து பயிற்சி மெல்ல மெல்லக் கடல் கடந்தது. இன்று புதிதாகப் போகிறவர்கள் முதல் மூன்று மாத காலம் அந்த நாட்டிலேயே, ஏதாவது ஒரு குடும்பத்தோடு தங்கிப் பழகுகிறார்கள். காலையில் நாலைந்து பேராக உட்கார்ந்து மொழி படிப்பு. அதன் பிறகு தொடங்குவதுதான் நிஜமான வகுப்பு. அதற்கு ஆசிரியை, வீட்டுக்காரி.

முதலில் பாட்டுப் பாடிக்கொண்டு இறங்கினார்களே, அந்தக் கானாவையே எடுத்துக் கொள்வோம். அங்கே அகான் ஜனங்கள் வீட்டுக்கு யார் வந்தாலும் முதலில் உட்கார இடம் காட்டுவார்கள். குடிக்கத் தண்ணீர் கொடுப்பார்கள். குடித்து இளைப்பாறிய பிறகுதான், ‘வந்த காரியம் என்ன?’ என்று கேட்பது. நம் வீட்டு வழக்கம் மாதிரியே இல்லையா? இடது கையால் எதையும் கொடுக்கவோ வாங்கவோ கூடாது. பலர் கூடி உட்கார்ந்திருந்தால், வலப்பக்கத்திலிருந்து ஆரம்பித்து ஒவ்வொருவருக்கும் வணக்கம் சொல்லிக்கொண்டே வர வேண்டும். நடுவில் யாரையும் விட்டுவிடக் கூடாது.

வந்த பெண்ணுக்குப் பெயரும் கிடைத்துவிடும். பிறந்த கிழமையை வைத்துப் பெயரிடுவது அங்கே வழக்கம். வெள்ளிக்கிழமை பிறந்த ஆண் கோஃபி, பெண் அஃபுவா. சனிக்கிழமை பிறந்தவர்கள் குவாமே, அமா. தான் பிறந்த கிழமை என்ன என்று அதுவரை யோசித்தே பாராத அமெரிக்கப் பெண், அன்று முதல் தெருக் குழந்தைகளுக்கெல்லாம் ‘அமா’ ஆகிவிடுகிறாள்.

சாயங்காலம் சமையல். மரவள்ளிக் கிழங்கையும் வாழைக்காயையும் வேக வைத்து, மர உரலில் போட்டு இடித்து, மிருதுவான உருண்டையாக்குவார்கள். ‘ஃபூஃபூ’ என்று பெயர். ஒருவர் நின்றுகொண்டு நீண்ட உலக்கையால் இடிப்பார். இன்னொருவர் கீழே உட்கார்ந்து, உலக்கை மேலே போகிற அந்த ஒரு கணத்தில் உரலுக்குள் கையை விட்டு மாவைத் திருப்பிப் போட வேண்டும். உலக்கை இறங்குமுன் கை வெளியே வந்துவிட வேண்டும். நம் பாட்டிமார் இடித்ததைப் பார்த்தவர்களுக்கு இந்த லயம் தெரியும். புதிதாக வந்தவள் உலக்கையைப் பிடித்தால் உட்கார்ந்திருப்பவளுக்குக் கை போகும். கீழே உட்கார்ந்தால் தன் கையே போகும்! ஆகவே முதலில் சும்மா உட்கார்ந்து பார்க்கச் சொல்வார்கள். பிறகு தண்ணீர் எடுத்துக் கொடுக்கச் சொல்வார்கள். பல நாள் கழித்து, ‘சரி, பிடி பார்க்கலாம்’ என்று உலக்கை கைக்கு வரும்.

சமுதாய சேவை என்று எத்தனை புத்தகத்தில் எழுதியிருக்கிறதோ, அத்தனையும் இந்த உரலைச் சுற்றி இருக்கிறது. முதலில் பார், கேள், சின்ன வேலையைச் செய், எதிரில் இருப்பவரின் கை எப்போது உள்ளே போகிறது, எப்போது வெளியே வருகிறது என்று தெரிந்துகொள். அதற்குப் பிறகு உலக்கையைத் தொடு.

மூன்று மாதம் முடிந்ததும் பிரமாணம் செய்து வைத்து, அவளுக்கென்று ஒதுக்கிய வேறு கிராமத்துக்கு அனுப்புவார்கள். அங்கே புது வேலை, புது முகங்கள். ஆனால் ‘பேசாதே, முதலில் தண்ணீர் குடி’ என்று சொல்லிக் கொடுத்த ஒரு வீடு பின்னால் இருக்கிறது. 2020 மார்ச்சில் கொரோனா நோய் பரவியபோது, அறுபதுக்கு மேற்பட்ட நாடுகளில் இருந்த சுமார் 7,000 பேரையும் ஒரே சமயத்தில் திரும்ப அழைத்துக்கொண்டார்கள். அந்தப் படையின் சரித்திரத்திலேயே அப்படி நேர்ந்தது அதுதான் முதல் தடவை. பலருக்கு ஊராரிடம் விடை பெறக்கூட நேரம் இல்லை. சரியாக இரண்டு வருஷம் கழித்து, 2022 மார்ச்சில், ஜாம்பியாவிலும் டொமினிகன் குடியரசிலும் மறுபடி போய் இறங்கினார்கள். மீண்டும் மொழி வகுப்பு, மீண்டும் ஒரு குடும்பம், மீண்டும் முதல் பாடம்.

இந்த அறுபது வருஷத்தில் 2,40,000-க்கும் அதிகமானவர்கள் இப்படிப் போய் வந்திருக்கிறார்கள். அவர்களில் நாலாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் நம் இந்தியாவுக்கு வந்தவர்கள். 1961 டிசம்பரில் பஞ்சாபில் முதல் குழு வந்து இறங்கியது. 1976-இல் இங்கே அந்தப் பணி முடிந்தது. கோழி வளர்க்கவும், கிணறு வெட்டவும், பள்ளிக்கூடத்தில் சொல்லித் தரவும் வந்த அந்தப் பிள்ளைகளுக்கு, சம்மணமிட்டு உட்காரவும், வலது கையால் பிசைந்து சாப்பிடவும், புடவைக் கொசுவம் நழுவாமல் நடக்கவும் யார் சொல்லிக் கொடுத்தார்கள்? அந்தந்த ஊர்க் குடும்பப் பெண்கள்தான். அவர்களுக்குச் சம்பளம் இல்லை, பட்டம் இல்லை. எந்த அறிக்கையிலும் அவர்கள் பெயர் இல்லை.

அந்த மாதிரி ஒரு பாட்டி உங்கள் குடும்பத்திலும் இருந்திருக்கலாம். என்றோ ஒரு நாள் திண்ணையில் வந்து நின்ற உயரமான வெள்ளைக்காரப் பையனுக்கு மோர் கொடுத்து, அவன் டம்ளரை உதட்டில் வைக்கப் போகையில், ‘தூக்கிக் குடிடா அப்பா!’ என்று அதட்டியிருக்கலாம். சிரித்துக்கொண்டு சட்டையெல்லாம் நனையக் குடித்திருப்பான். விசாரித்துப் பாருங்கள். பாட்டி அதைச் சேவை என்றோ பயிற்சி என்றோ சொல்லமாட்டாள். ‘பாவம், பிள்ளைக்கு ஒன்றும் தெரியவில்லை, சொல்லிக் கொடுத்தேன்’ என்பாள்.